வீட்டில் யாருக்கு என்ன தெரியாது?

என் மேசையை நீங்கள் இருவரும் பங்கிட்டுக்கொள்ளப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். இடப்பக்க இழுப்பறை மழைநாட்களில் இறுகிக்கொள்ளும். முழங்காலால் ஒரு தட்டுத் தட்டினால் வரும். மத்தியானத்தில் கீழ்க்கடையில் ரோல்ஸ் பொரிக்கத் தொடங்கினால் படியேறி வருகிறவர்களுக்குப் பசி எடுக்கும். அந்த நேரத்தில் யாரிடமும் கையெழுத்து வாங்காதீர்கள். பசியோடு இருப்பவர்கள் வாசிக்காமல் போட்டுவிடுவார்கள்.

"புதிதாக வருகிறவர்களுக்கு உதவுகிற மாதிரி ஏதாவது எழுதி வைத்துவிட்டுப் போ" என்று இந்த அலுவலகத்தின் வழக்கறிஞர், நம் சொலிசிற்றர் அம்மையார் சொன்னார். இப்படி எழுதுகிறவர்கள் பொதுவாகத் தலை நரைத்து, ஓய்வு பெற்று, பழைய சங்கடங்களை ஒரு சிரிப்போடு சொல்லத் தெரிந்தவர்கள். எனக்கு அந்த வயதும் இல்லை, அந்தச் சிரிப்பும் இல்லை. மகள் இப்போதுதான் நேர்சரிக்குப் போகிறாள். இரண்டாவது வயிற்றில் இருக்கிறது. பிள்ளைகளுக்காக வேலையை விடுகிறேன் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். அது பொய்யில்லை. ஆனால் அது மட்டும்தானா என்று எனக்கே நிச்சயமில்லை.

சட்டத்தை நீங்கள் படித்துவிட்டு வந்திருப்பீர்கள். அதில் ஒன்றை மட்டும் திரும்பச் சொல்கிறேன், ஏனென்றால் நம்மிடம் வருகிறவர்களில் ஒருவருக்கும் அது முதல் தடவையில் விளங்குவதில்லை. இங்கே பிரிட்டனில் சுற்றுலா விசாவோ குடும்பத்தைப் பார்க்க வருகிற விசாவோ மறுக்கப்பட்டால் வழமையான மேன்முறையீடு கிடையாது. நீதித்துறை மீளாய்வு கேட்டுத்தான் போகவேண்டும். அங்கே நீதிபதி விசா தரமாட்டார். அதிகாரி முடிவெடுத்த விதம் சட்டப்படி சரியா என்று மட்டும் பார்ப்பார். பிழை என்றால் அந்த முடிவை ரத்துச் செய்வார். பிறகு இன்னோர் அதிகாரி புதிதாக முடிவெடுப்பார். அவரும் மறுக்கலாம்.

நான் சேர்ந்த புதிதில் டூட்டிங்கில் இருந்து ஒருவர் தன் மச்சானின் விசாவுக்காக வந்தார். எதிர்த்தரப்பான உள்துறை அமைச்சு வழக்கு நடத்தாமலே இறங்கிவந்து, முடிவைத் திரும்பப் பெற்று மறுபடி பரிசீலிப்பதாக ஒப்புக்கொண்டது. "வெற்றி" என்று நான்தான் அவருக்குப் போனில் சொன்னேன். அடுத்த நாளே ஒரு பெட்டி லட்டு கொண்டுவந்து, கீழ்க்கடைக்காரருக்கும் ஒன்று கொடுத்துவிட்டுப் போனார். சில மாதங்களில் மச்சானுக்கு மறுபடியும் மறுப்பு வந்தது. அவர் வந்து கதவடியில் நின்றார். உள்ளே வரவில்லை.

"அப்ப அண்டைக்கு நாங்க என்னத்தைப் பிள்ளை வெண்டனாங்கள்?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு 'வெற்றி' என்ற அந்தச் சொல்லை நான் யாரிடமும் பாவிப்பதில்லை. நீங்களும் பாவிக்காதீர்கள். இது சின்னப் பாடம். இதைக் கற்றுக்கொள்ளலாம். அடுத்ததாகச் சொல்லப்போவதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்று நீங்கள்தான் சொல்லவேண்டும்.

தவராசா அண்ணை என்று அவரைச் சொல்கிறேன். பெயரை மாற்றியிருக்கிறேன். ஜெர்மனியில் நீண்ட காலம் இருந்துவிட்டு, மகளின் படிப்புக்காகக் குடும்பத்தோடு லண்டனுக்கு வந்தவர். வீடு கிங்ஸ்பரியில். கடைகளின் பிரிட்ஜ், பிரீசர் திருத்துவது தொழில். அவருக்கு ஜெர்மன் நன்றாக வரும். இங்கிலீஷ் கடைக்காரர்களோடு பேசுகிற அளவுக்குத்தான். ஆஸ்பத்திரி இங்கிலீஷ் விளங்காது. அதனால் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் மகள் மதுரா கூடப் போவாள்.

ஊரில், சாவகச்சேரியில், அவருக்கு ஒரு தமக்கை இருந்தார். பூமணி அக்கா. எழுபதை நெருங்குகிறவர், கல்யாணம் செய்யாதவர். அவரைக் கூப்பிட்டுப் பார்க்கவேண்டும் என்பதுதான் வழக்கு. விசாவுக்கு இரண்டு முறை விண்ணப்பித்தார்கள், இரண்டு முறையும் மறுப்பு. கணவன் இல்லை, பிள்ளை இல்லை, வேலை இல்லை, தன் பெயரில் காணியோ வீடோ இல்லை, ஆகவே திரும்பிப் போவார் என்று நம்ப இடமில்லை என்று அதிகாரி எழுதியிருந்தார். பூமணி அக்காவுக்கு வீடு இருந்தது. தங்கச்சியின் கல்யாணத்துக்கு அதைச் சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வீட்டின் பின்னறையில் இருக்கிறார். ஊரில் எல்லோருக்கும் விளங்குகிற இந்த விஷயத்தை ஓர் அதிகாரிக்கு விளங்கவைக்க ஒரு பக்கம் வேண்டும்.

இரண்டாவது விண்ணப்பத்தோடு மதுரா ஆஸ்பத்திரிக் கடிதம் ஒன்றைச் சேர்த்திருந்தாள். அப்பாவுக்கு ஈரலில் புற்றுநோய், குணமாக்க முடியாத நிலை என்று வைத்தியர் எழுதிய கடிதம். மறுப்பில் அந்தக் கடிதத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. முக்கியமான சான்றைப் பார்க்காமலே முடிவெடுத்திருக்கிறார்கள். நம் வழக்கின் உயிர் அதுதான்.

அவசர விசாரணை கேட்கவேண்டும் என்று சொலிசிற்றர் முடிவெடுத்தார். அதற்குத் தவராசா அண்ணையின் அறிக்கை வேண்டும். தமக்கையைக் கூப்பிடுகிறவர் அவர்தானே. நான் போனில் அவரோடு பேசிக் குறிப்பெடுத்திருந்தேன். நன்றாகப் பேசினார். வெயில்காலத்தில் கோயில் தேருக்கு அக்கா இங்கே நிற்கவேண்டும் என்றார். சொலிசிற்றர் அதை இங்கிலீஷில் அறிக்கையாக்கி, வைத்தியரின் கடிதத்தைப் பார்த்து நோயைப் பற்றி ஏழாவது பந்தியாக ஒரு பத்தியைச் சேர்த்தார். நான் முழுவதையும் அவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டி, அவர் விளங்கிக்கொண்டு கையெழுத்திட்டார் என்று கீழே என் கையெழுத்தைப் போடவேண்டும்.

அன்று மதுரா கந்தோருக்கு வந்து அறிக்கையை வாசித்துவிட்டுப் போனாள். போனவள் படியில் நின்று என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா, செவன்த் பரா அப்பாக்கு வாசிக்கவேண்டாம்."

"ஏன்?"

"அவருக்குத் தெரியாது."

"எது தெரியாது?"

"ஒண்டுமே தெரியாது. ஈரல்லை ஒரு கட்டி, மருந்திலை கரையும் எண்டு சொல்லி வைச்சிருக்கிறம். டொக்டர் சொல்லச் சொல்ல நான்தானே ட்ரான்ஸ்லேட் பண்ணினனான்." அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். "டொக்டர் என்ரை முகத்தையே பாத்துக்கொண்டு இருந்தவ. அவவுக்கு டவுட் வந்திருக்கும். நான் சிரிச்சுக்கொண்டு சொன்னனான்."

"மதுரா, நான் முழுக்க வாசிக்கவேணும்."

"மிச்சம் எல்லாம் வாசியுங்கோ. அந்த ஒண்டை மட்டும் விட்டிட்டு சைன் எடுங்கோ. கோர்ட்டுக்குப் போறது இங்கிலீஷ்தானே. ஆருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும். கீழை நான் சைன் வைக்கவேணும்."

"எங்கட ஆள் எண்டுதானே அக்கா உங்களிட்டை வந்தனாங்கள்? இதுக்கு ஒரு வெள்ளைக்காரனிட்டையே போயிருக்கலாம்."

நான் மேலே போய்ச் சொலிசிற்றரிடம் சொன்னேன். அவர் தமிழரல்லர். ஆனாலும் அவர் அதிர்ச்சியடையவில்லை; பல குடும்பங்களைப் பார்த்தவர். ஏழாவது பந்தியை எடுத்துவிட்டு வைத்தியரின் கடிதத்தை மட்டும் வழக்குத் தாள்களோடு வைக்கலாமா என்று நான் கேட்டேன்.

"வைக்கலாம்" என்றார். "ஆனால் அவருடைய அறிக்கையில் கோடைத் தேருக்கு அக்கா வரட்டும் என்று இருக்கிறது. அடுத்த தாளில் வைத்தியர், இவர் கோடையைக் காணமாட்டார் என்கிறார். எதிர்த்தரப்பு கேட்கும், அவருக்கே அவசரமில்லாத விஷயத்தில் உங்களுக்கு என்ன அவசரம் என்று."

பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "நீ போய் வாசிக்கிறாயா, வெளியிலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளரை அனுப்பவா?"

நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்? முன்பின் தெரியாத ஒருவர் அந்த வீட்டுக்குப் போய் அதை வாசித்துவிட்டு, நேரத்தைக் குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவதை நினைத்துப் பார்த்தேன். நானே போகிறேன் என்றேன். அப்போது அது கரிசனை மாதிரித் தெரிந்தது.

குடும்பத்துக்கு அவகாசம் கொடுத்தோம். அவருக்கு நீங்களே முதலில் சொல்லுங்கள், பிறகு வருகிறேன் என்றேன். அவருடைய மனைவி சந்திரா அக்கா போனில் அழுதார். "வெள்ளிக்கிழமை ஆர்ச்வே முருகனிட்டைப் போட்டு வந்து சொல்லுறம் பிள்ளை." வெள்ளி போயிற்று. திங்கள் நான் போன் எடுத்தேன். "நாளைக்கு." அவசர வழக்கு, நாங்களே அதைத் தாமதப்படுத்துகிறோம் என்று சொலிசிற்றர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் சந்திரா அக்கா தானாகவே எடுத்தார்.

"சொல்லிப்போட்டம். வாங்கோ."

"என்ன சொன்னவர் அக்கா?"

"என்னத்தைச் சொல்லுறது? வாங்கோவன்."

கிங்ஸ்பரியில் முன்னறையில் அவர் சாய்வுக் கதிரையில் இருந்தார். சட்டை இரண்டு அளவு பெரிதாகத் தெரிந்தது. சத்தத்தை நிறுத்திவிட்டுக் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. மதுரா சோபாவின் ஓரத்தில் இருந்தாள்.

"வாங்கோ பிள்ளை. ஒரு சத்தம் கேக்குதே?"

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"குசினிப் பிரிட்ஜ். உள்ளுக்கை சுத்துற பான் தேஞ்சுபோச்சு. லண்டனிலை இருக்கிற பிரிட்ஜ் எல்லாத்தையும் திருத்தினன். சொந்த வீட்டுப் பிரிட்ஜ் கிடந்து கத்துது."

குசினியிலிருந்து சந்திரா அக்கா சொன்னார்: "கதிரையிலை இருந்து வாயாலைதான் திருத்துவார். எழும்பி வந்து திருத்தினா என்னவாம்?"

"இவவுக்குத் தேத்தண்ணியைக் கொண்டு வா முதல்லை. நான் உடம்பு தேறின உடனை பிரிட்ஜைப் பாக்கிறன்."

அந்த வாக்கியத்தில் நான் நின்றிருக்கவேண்டும். உடம்பு தேறினவுடன் என்றார். அப்படித்தானே எல்லா நோயாளிகளும் சொல்வார்கள் என்று நினைத்தேன். ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

வாசிக்கத் தொடங்கினேன். பெயர், பிறந்த இடம், ஜெர்மனி, லண்டன். பிறகு அக்காவைப் பற்றிய பந்தி. அப்பா இல்லாத வீட்டில் அக்கா அவரைச் சைக்கிளில் ஏற்றிப் பள்ளிக்கூடம் கொண்டுபோனது, வழியில் சங்கிலி கழன்றால் அவரே இறங்கிப் பூட்டியது, அதுதான் தன் முதல் திருத்தவேலை என்று அவர் போனில் சொன்னது. இதைக் கேட்டதும் சிரித்தார். "அதையும் எழுதிப்போட்டியளே" என்றார்.

ஏழாவது பந்திக்கு வந்தேன். "என் நோயைக் குணமாக்க முடியாது என்று வைத்தியர்கள்" என்று பாதி வாசித்துவிட்டு நிமிர்ந்தேன். சைக்கிள் கதைக்கு வந்த சிரிப்பு இன்னும் அவர் முகத்தில் இருந்தது. குசினி வாசலில் தட்டோடு நின்ற சந்திரா அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மதுரா கிரிக்கெட்டைப் பார்த்தாள்.

அவர்கள் சொல்லியிருக்கவில்லை.

இந்தக் கட்டத்தைப் பற்றித்தான் உங்களுக்கு எழுதவேண்டும் என்று நினைத்தேன். பக்கம் மாறிவிட்டது என்று சொல்லி எட்டாவது பந்திக்குப் போயிருக்கலாம். தலை சுற்றுகிறது என்று எழும்பி வந்திருக்கலாம். நான் கர்ப்பிணி, யாரும் சந்தேகப்பட்டிருக்கமாட்டார்கள். நான் தாளை மடியில் வைத்துவிட்டு அவரிடம் கேட்டேன்.

"அண்ணை, இந்தப் பந்தியிலை டொக்டர் சொன்னது இருக்கு. உங்களுக்குக் கேக்க விருப்பமெண்டா வாசிக்கிறன். வேண்டாமெண்டா இதோடை நிப்பாட்டுவம். கையெழுத்தும் வேண்டாம்."

அவர் மனைவியைப் பார்த்தார். பிறகு மகளை. மதுரா திரும்பவில்லை.

"வாசியுங்கோ" என்றார்.

வாசித்தேன். குணமாகாது என்பதையும், வெயில்காலம்வரை இருக்கமாட்டார் என்பதையும். எழுத்தில் உள்ளதை உள்ளபடி, ஆனால் மெதுவாக.

"இன்னொருக்கா."

மறுபடி வாசித்தேன். அப்போதுதான் எனக்கும் அந்தப் பிரிட்ஜின் சத்தம் கேட்டது.

"மேலை ஒரு இடத்திலை தேருக்கு அக்கா வரட்டும் எண்டு சொல்லியிருக்கிறன் என்ன? அதை வெட்டுங்கோ."

நான் பேனாவால் ஒரு கோடு இழுத்தேன். பக்கத்தில் அவர் சின்னக் கையெழுத்து வைத்தார். அடியிலும் கையெழுத்திட்டார். கீழே நான் என்னுடையதைப் போட்டேன்.

"இது அக்காவுக்குப் போகுமோ?"

"ஓம் அண்ணை. வழக்கு அவவின்ரை பேரிலைதான்."

"அவவுக்கு இதைச் சொல்லாதைங்கோ பிள்ளை. தனிய இருக்கிற மனுசி."

அவர் தன் செய்தியைக் கேட்டுச் சில நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குள் அடுத்தவருக்கு அதை மறைக்கவேண்டும் என்று தோன்றிவிட்டது. வாசலில் சப்பாத்து மாட்டும்போது மதுரா வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இப்ப சந்தோசமோ அக்கா?"

திரும்பிவரும் ரயிலில் ஊரிலிருந்து என் அம்மா போன் எடுத்தார். அந்தக் கிழமை என் கர்ப்ப ஸ்கேனில் ஏதோ தெளிவில்லை, மறுபடி வரச் சொல்லியிருந்தார்கள். "டொக்டர் என்ன சொன்னவை?" என்று அம்மா கேட்டார். "எல்லாம் நல்லம் அம்மா" என்றேன். யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொல்லிற்று.

அடுத்த நாள் பூமணி அக்காவுக்குப் போன் எடுத்து அவருடைய வழக்கை அவருக்கு விளக்கினேன், தம்பியின் நிலை உட்பட. தன் பெயரில் நடக்கும் வழக்கில் என்ன எழுதியிருக்கிறது என்று அறியும் உரிமை அவருக்கு இருக்கிறது. விதி அதுதான். விதியைச் செய்தேன். அவர் முழுவதையும் கேட்டார். பிறகு "சாப்பிடுறானோ?" என்று மட்டும் கேட்டார்.

அன்றிலிருந்து முதல் சந்திப்பிலேயே, கடவுச்சீட்டைப் பார்ப்பதற்கு முன்னால், ஒரு கேள்வி கேட்கிறேன்: இந்த வீட்டில் யாருக்கு என்ன தெரியாது? சிலர் கோபப்படுவார்கள். சிலர் சிரிப்பார்கள். பெரும்பாலும் ஏதோ ஒன்று வெளியே வரும். நீங்களும் கேளுங்கள். நம் ஆட்கள் அதிகாரியிடம் பொய் சொல்வதைவிட, அன்பு வைத்தவர்களிடம் மறைப்பதுதான் அதிகம். அந்த மறைப்பு கடைசியில் நம் மேசைக்கு வந்து சேரும்.

வழக்கைப் போட்டோம். கொஞ்ச நாளில் எதிர்த்தரப்பிடமிருந்து பதில் வந்தது. கடிதத்தைக் கவனிக்கத் தவறிவிட்டோம், முடிவைத் திரும்பப் பெற்று மறுபடி பரிசீலிக்கிறோம், விசாரணை தேவையில்லை. ஒப்புக்கொள்வதா, இல்லை என்று நீதிபதி முன் போவதா? போனால் அவர் நம் பக்கம் சொன்னாலும் கிடைப்பது இதே மறுபரிசீலனைதான். விரைவாகச் செய்யவேண்டும் என்று ஒரு வரியைச் சேர்த்து ஒப்புக்கொண்டோம். மதுராவிடம் நான் 'வெற்றி' என்ற அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. நடந்ததை மட்டும் சொன்னேன்.

"அப்ப கோர்ட்டிலை ஹியரிங் இல்லையோ?"

"இல்லை மதுரா."

"அப்பா சைன் பண்ணினதை ஒரு ஜட்ஜும் வாசிக்கமாட்டினமோ?"

"இல்லை."

அவள் போனை வைத்துவிட்டாள். நான் சொலிசிற்றரின் அறைக்குப் போய், அண்ணையின் அறிக்கை இல்லாமல் வைத்தியரின் கடிதத்தை மட்டும் வைத்திருந்தாலும் அவர்கள் இறங்கிவந்திருப்பார்களா என்று கேட்டேன். அவர் பொய் சொல்லத் தெரியாதவர்.

"இருக்கலாம்" என்றார். பிறகு, "அது நமக்கு முன்கூட்டித் தெரிந்திருக்க வழியில்லை" என்றார்.

இரண்டும் உண்மை. இரண்டாவதை நான் எத்தனையோ தரம் எனக்குச் சொல்லிப் பார்த்துவிட்டேன். முதலாவதுதான் மனதில் நிற்கிறது.

மறுபரிசீலனை அவர்களுடைய வேகத்தில் நடந்தது. இதற்கிடையில் அண்ணை வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கும், பிறகு இறுதிநாள் பராமரிப்பு இல்லத்துக்கும் போனார். இந்த முறை விசா கிடைத்தது. அன்று மாலையே விமான ரிக்கெற் போட்டார்கள். பூமணி அக்கா அதுவரை விமானம் ஏறாதவர். கொழும்புக்கு வருவதற்கே தங்கச்சியின் மகன் கூட வந்தான்.

நான் மகளை எடுக்க நேர்சரி வாசலில் நின்றபோது மதுராவின் அழைப்பு வந்தது. மற்றத் தாய்மார்கள் சுற்றி நின்றார்கள். மகள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா எங்களை விட்டிட்டுப் போட்டார் அக்கா. மத்தியானம்."

நான் மற்றத் தாய்மார்களிடமிருந்து விலகி நின்றேன்.

"பூமணி மாமிக்குச் சொல்லேல்லை. நாளைக்கு விடிய பிளைட். கொழும்பிலை நிக்கிறா."

"மதுரா, அவவுக்குச் சொல்லத்தான் வேணும். இங்கை எயார்போட்டிலை ஏன் வந்தனீங்கள் எண்டு கேட்டா, உள்ளதைச் சொல்லவேணும். தம்பியைப் பாக்க எண்டுதான் விசா தந்தவை. செத்தவீட்டுக்கு எண்டு சொன்னாலும் விடுவினம், பயப்பிடாதைங்கோ. பொய் சொன்ன மாதிரி ஆகக்கூடாது."

"தனிய அவ்வளவு தூரம் பிளேன்லை வாற மனுசி அக்கா. இதைச் சொன்னா ஏறுவாவோ? ஏறினாலும் எப்பிடி வருவா? வந்திறங்கினாப்போலை நாங்க கட்டிப் பிடிச்சுச் சொல்லுறம்."

"இல்லை மதுரா..."

"நீங்க ஒருக்காச் சொன்னது போதும் அக்கா."

மகள் காலணியைக் கழற்றி எறிந்தாள். நான் அதை எடுக்கக் குனிந்தேன். நிமிர்ந்தபோது மதுரா போய்விட்டிருந்தாள். நான் திரும்ப எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து என் ஆலோசனையை எழுத்தில் அனுப்பினேன், சொலிசிற்றருக்கும் ஒரு பிரதி. கடமை அவ்வளவுதான். பூமணி அக்காவின் தொலைபேசி எண் என்னிடம் இருந்தது. அவர்தான் என் கட்சிக்காரர், மதுரா அல்ல. நானே அவருக்குச் சொல்லியிருக்கலாம். கிங்ஸ்பரி முன்னறையில் அண்ணையின் சிரிப்பு நின்றுபோனதைப் பார்த்தவளுக்கு இன்னொரு முறை அதைச் செய்யக் கை வரவில்லை. செய்யாமல் விட்டது இரக்கமா கோழைத்தனமா என்று இன்றுவரை தெரியவில்லை.

அடுத்த நாள் கந்தோரில் போன் அடித்தது. விமான நிலையத்திலிருந்து ஓர் அதிகாரி. மரியாதையான குரல். ஒரு வயதான பெண்மணி வந்திருக்கிறார், நோயாளியான தம்பியைப் பார்க்க வந்ததாகத் தமிழ் தெரிந்த பணியாளர் ஒருவர் மூலம் சொல்கிறார், தம்பியின் எண்ணுக்கு எடுத்தால் பதிலில்லை, கையில் உங்கள் அலுவலகக் கடிதம் இருக்கிறது. அவர் சொல்வதை உறுதிப்படுத்த முடியுமா?

முடியாது என்று சொன்னால் சந்தேகம். முடியும் என்றால் பொய். நடந்ததைச் சொன்னால், அந்தப் பணியாளர் அதைத் தமிழாக்கி வரிசையின் நடுவில் அவருக்குச் சொல்வார்.

"என் கட்சிக்காரரின் அனுமதி இல்லாமல் நான் எதுவும் சொல்லக்கூடாது" என்றேன். "தயவுசெய்து போனை அவரிடம் கொடுங்கள். எனக்குக் கொஞ்ச நேரம் தாருங்கள்."

கொடுத்தார்.

"ஆர், பிள்ளையோ? வந்திட்டன் பிள்ளை. கை காலெல்லாம் வீங்கிப்போச்சு. இவை நல்ல மாதிரித்தான் கதைக்கினம். தம்பி எப்பிடி இருக்கிறான்?"

என் குரல் எப்படி இருந்ததோ தெரியாது. "அக்கா, பக்கத்திலை கதிரை இருக்கோ? இருங்கோ" என்றேன். பிறகு சொன்னேன். நேற்று மத்தியானம், வலி இல்லாமல், மதுராவும் சந்திரா அக்காவும் பக்கத்தில் இருக்க. வலி இல்லாமல் என்பது எனக்குத் தெரியாது. அதை நானே சேர்த்தேன்.

அவர் அழவில்லை. பின்னால் பெட்டிகள் உருளும் சத்தமும், யாரோ ஒரு குழந்தை கத்துவதும் கேட்டது. பிறகு அவர் மூச்சு விட்டார். குரல் தாழ்ந்து, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்கக்கூடாது என்பதுபோல் ஒரு கேள்வி வந்தது.

அவரை உள்ளே விட்டார்கள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் அக்காவிடம் அனுமதி கேட்டு, அதிகாரியிடம் உள்ளதைச் சொன்னேன். அவர் "வருந்துகிறேன்" என்றார், முத்திரை குத்தினார். செத்தவீட்டுக்குப் பூமணி அக்கா நின்றார். மதுரா அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. சந்திரா அக்கா ஒரு நாள் கந்தோருக்கு வந்து பழப்பை ஒன்றை வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.

யாருக்கு என்ன தெரியாது என்று தொடக்கத்தில் ஒரு முறை கேட்டால் போதும் என்று நினைத்திருந்தேன். ஒவ்வொரு நாளும் கேட்கவேண்டும் போலிருக்கிறது. அதற்கு எனக்குத் தெம்பில்லை. உங்களுக்கு இருக்கட்டும்.

இத்தனை மாதம் ஒரே ஒரு விஷயத்துக்காகத்தான் நாங்கள் எழுதிக்கொண்டிருந்தோம்: இந்தப் பெண்மணி எதற்காக வருகிறார். விண்ணப்பத்தில் அதுதான், மறுப்பில் அதுதான், வழக்கில் அதுதான். விமான நிலையக் கதிரையில் இருந்து பூமணி அக்கா என்னிடம் கேட்டதும் அதைத்தான்.

"அப்ப பிள்ளை, இவை இன்னொருக்காக் கேட்டா, நான் எதுக்கு வந்தனான் எண்டு சொல்லட்டும்?"